தான்றி மரத்தடியில்

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 37. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக, அதாவது பையருக்கும் தயாரிப்பவர்களுக்கும் நடுவில் நிற்கும் ஆளாக, இருக்கிறேன். 11 வருடமாக அதே நாற்காலி. கூடப் படித்தவன் கனடாவில் வீடு வாங்கிவிட்டான். நான் டையிங் மாஸ்டர் லேப் டிப்பை (நிறம் காட்ட அனுப்பும் சாயமேற்றிய துண்டுத் துணி) தாமதமாக அனுப்புவதற்குப் பையரிடம் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறேன். டையிங் மாஸ்டருக்கு வரும் இங்கிலீஷ் மெயிலையும் நான்தான் படித்துச் சொல்ல வேண்டும். இரவெல்லாம் தன்னம்பிக்கை வீடியோக்கள் பார்க்கிறேன். ஆன்லைன் வகுப்புகள் மூன்றுக்குப் பணம் கட்டி, மூன்றையும் பாதியில் விட்டேன். அம்மா சொன்னதற்காகத் திருநள்ளாறு போய் வந்தேன். நம்பிக்கை இல்லாமல் போனதில் வெட்கம்தான் மிச்சம். எங்கோ மாட்டிக்கொண்டதுபோல இருக்கிறது. வேலையை விட்டுவிடலாமா? என்னைப் போல அதிர்ஷ்டம் கெட்டவன் யாராவது இருக்கிறானா?

கே., திருப்பூர்

அன்புள்ள கே.,

உங்கள் கடைசிக் கேள்வியை உங்களுக்கு முன்பே ஒருவன் கேட்டிருக்கிறான். சில நாட்களாக அவனைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். இல்லையென்றால் இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதியிருப்பேனா என்பது சந்தேகம்.

சில்லறை விஷயங்களை முதலில் முடித்துவிடுவோம். வீடியோக்களை நிறுத்துங்கள். கனடா நண்பர் ராத்திரி இரண்டு மணிக்கு யாருக்கு என்ன கடிதம் எழுதுகிறார் என்று உங்களுக்குத் தெரியாது, அவரை விட்டுவிடுங்கள். திருநள்ளாறு போனதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எனக்கும் ஜாதகத்தில் நம்பிக்கை கிடையாது. ஆனால் ஏழரைச் சனி என்று சொன்னவர்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். விரயச் சனி, ஜென்மச் சனி, பாதச் சனி என்று இரண்டரை இரண்டரை வருடமாகப் பிரித்து, கஷ்டத்துக்கு ஒரு முடிவு தேதி கொடுத்தார்கள். அதோடு, 'தப்பு உன்மேல் இல்லை, காலம் சரியில்லை' என்றும் சொன்னார்கள். உங்கள் வீடியோக்காரர்கள் இரண்டையும் பிடுங்கிக்கொண்டார்கள். முடிவு தேதியும் இல்லை, தப்பு முழுக்க உங்கள் தலையில்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். கேட்டவன் தருமன். சூதில் எல்லாவற்றையும் தோற்றுக் காட்டில் இருக்கிறான். அர்ஜுனனும் அஸ்திரம் தேடிப் போய்விட்டான். பிருகதசுவர் என்ற முனிவர் வருகிறார். 'என்னைவிட துர்பாக்கியசாலியான அரசன் உண்டா?' என்று அவரிடம் புலம்புகிறான். அவர் சொல்லும் கதைதான் நளன் கதை. உங்கள் திருநள்ளாற்று நளனேதான். தலபுராணத்தில் அவனைப் பிடித்தது சனி, பாரதத்தில் கலி.

நளன் கதை என்றால் நமக்கு அன்னமும் தமயந்தியும்தான் ஞாபகம் வரும். எனக்குப் பிடித்தது அதில் ஒரு சாலையோரக் காட்சி. நளன் நாடிழந்து, உருவம் மாறி, வாகுகன் என்ற பெயரில் அயோத்தி அரசன் ருதுபர்ணனுக்குத் தேரோட்டிக்கொண்டிருக்கிறான். தமயந்திக்கு இரண்டாம் சுயம்வரம் என்று செய்தி வருகிறது. அரசன் ஒரே நாளில் தமயந்தியின் ஊரான விதர்ப்பம் போய்ச் சேர வேண்டும். வழியில் ருதுபர்ணனின் மேலாடை பறந்து விழுகிறது. 'நிறுத்து' என்று அவன் சொல்வதற்குள் தேர் ஒரு யோசனை, அதாவது பல மைல் தூரம் தாண்டிவிட்டது. அரசனுக்குக் கொஞ்சம் ரோஷம். எனக்கும் ஒரு வித்தை தெரியும் பார் என்று, எதிரே நிற்கும் தான்றி மரத்தில் எத்தனை இலை, எத்தனை காய் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்கிறான்.

நளன் தேரை நிறுத்திவிட்டான். போகிற இடத்தில் தன் மனைவி இன்னொருவனுக்கு மாலையிடக் காத்திருக்கிறாள், இவனோ இறங்கி மரத்தை எண்ணப் போகிறேன் என்கிறான்! 'நேரமில்லையப்பா' என்று அரசன் பதறுகிறான். 'அவசரமென்றால் கூட வரும் தேரோட்டி வார்ஷ்ணேயனை ஓட்டச் சொல்லிப் போய்க்கொள்ளுங்கள்' என்கிறான் இவன். எண்ணிப் பார்க்கிறான், கணக்கு சரியாக இருக்கிறது. 'இந்த வித்தையை எனக்குக் கொடுங்கள், நான் குதிரை வித்தையைத் தருகிறேன்' என்று கேட்கிறான். ருதுபர்ணன் எண்ணும் வித்தையோடு சூதாட்டத்தின் சூட்சுமத்தையும் கொடுக்கிறான். அந்த இடத்தில் கலி நளன் உடம்பைவிட்டு வெளியே வந்து தான்றி மரத்துக்குள் போய் ஒளிந்துகொள்கிறது.

கவனியுங்கள், அவன் வேலையை விடவில்லை. தேரோட்டியாகவே இருந்தான். காலம் மாறட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டும் உட்காரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆளுக்குத் தெரிந்த ஒன்று தனக்குத் தெரியவில்லை என்று பட்டது, கேட்டான். இலவசமாகக் கேட்கவில்லை. கையில் இருந்ததைக் கொடுத்து வாங்கினான். கொடுக்க ஏதோ இருக்கிறது என்ற எண்ணம்தான் அதில் முக்கியம். நீங்கள் பணம் கட்டிய மூன்று வகுப்புகளில் உங்களிடமிருந்து ஓடிபியைத் தவிர யாரும் எதையும் கேட்கவில்லை, இல்லையா? பிருகதசுவரும் கதை சொல்லிக் கண்ணீர் துடைத்துவிட்டுப் போகவில்லை. கடைசியில் தருமனுக்கு அந்தச் சூது வித்தையையே கற்றுக்கொடுத்துவிட்டுத்தான் போனார். விராடன் சபையில் கங்கன் என்ற பெயரில் தருமன் பிழைத்தது காயுருட்டித்தான்.

என் சித்தப்பா ஒருவர் சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மில்லில் ஸ்பின்னிங்கில் இருந்தார். தொண்ணூறுகளில் மில் மூடியது. செட்டில்மெண்ட் பணம் வருமென்று சங்க ஆபீஸுக்கு நடையாக நடந்தார். மற்ற நேரமெல்லாம் திண்ணைதான். சித்தி சனிக்கிழமை தவறாமல் எள் விளக்குப் போட்டாள். தெருமுனையில் மோட்டார் காயில் கட்டும் கடை ஒன்று இருந்தது. கடைக்காரருக்குக் கணக்கு எழுத வராது, சித்தப்பா கையெழுத்து முத்து. பில் புத்தகம் எழுதிக் கொடுக்கப் போனவர் அங்கேயே உட்கார ஆரம்பித்தார். பள்ளி விட்டதும் நானும் போவேன். எரிந்துபோன மோட்டாரின் கம்பியை வெட்டி எறிவதற்கு முன்பு எத்தனை சுற்று என்று எண்ணி நோட்டில் குறிக்க வேண்டும், புதுக் காயிலிலும் அதே சுற்று இருந்தாக வேண்டும். கருகிய வார்னிஷ் ஒட்டிக்கொண்டு இழை பிரியாது, நாற்றம் தலையைச் சுற்றும். பாதியில் பேச்சுக் கொடுத்தால் முதலிலிருந்து எண்ண வேண்டும். "கண்ணு, செத்த சும்மா இரு" என்பார். எண்ணும்போது மட்டும் அவர் முகத்தில் மில் இருக்காது. அவர் பெரிய ஆளாகவெல்லாம் ஆகவில்லை. செட்டில்மெண்ட் பணமும் உருப்படியாக வரவில்லை. ஆனால் திண்ணையில் உட்காருவது நின்றுபோனது.

சரி, வேலையை விடலாமா என்றுதானே கேட்டீர்கள். வேண்டாம். டையிங் மாஸ்டரைக் கரித்துக்கொட்டியிருக்கிறீர்களே, 11 வருடமாக அவர் கொடுக்கும் துண்டுத் துணியை வாங்கிக் கூரியர் செய்கிறீர்கள். அந்த ஷேடை எப்படிப் பிடிக்கிறார், கடை வெளிச்சத்தில் ஒத்துப்போகும் நிறம் வெயிலில் ஏன் வேறாகத் தெரிகிறது என்று ஒரு நாளாவது பட்டறையில் நின்று கேட்டிருப்பீர்களா? கேட்டிருந்தால் திட்டுவதற்கு முன் ஒரு நிமிஷம் யோசித்திருப்பீர்கள். அவருக்கு இங்கிலீஷ் மெயில் எழுத ஆளில்லை, உங்களுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. இதைவிட நல்ல வியாபாரம் எங்கே கிடைக்கும்?

அந்த நிற விவகாரம் பிடிபட்டதும் எனக்கு எழுதுங்கள். கனடாக்காரரைப் பற்றி எழுதினால் படிக்க மாட்டேன்.