ஒத்தக் கினி பிக்குக்கு துணை: வந்த கேள்விகளும் என் பதிலும்

போன தடவ கினி பிக்குக்கு (வீட்ல வளக்கற, வாலு இல்லாத எலி ஜாதி சின்னப் பிராணி) நகம் வெட்டுறத பத்தி எழுதுனேன், நகத்த பத்தி ஒருத்தரும் கேக்கல. வந்ததுல முக்காவாசி "ஒன்னுதான் இருக்கு, பாவமா இருக்கு, துணைக்கு என்ன பண்றது" ரகம். சரி, இந்த வாரம் அதையே எடுத்துக்குவோம். ஒரே மாதிரி இருந்தத சேத்து சுருக்கியிருக்கேன், ஊர் போட்டவங்களுக்கு ஊர் போட்டிருக்கேன்.

ரெண்டு இருந்துச்சுண்ணா, போன வாரம் ஒன்னு செத்துப்போச்சு. இன்னொன்னு மூலையிலயே உக்காந்திருக்கு. சோகமா, நோயா? (காரிமங்கலம்)

ரெண்டுமாவும் இருக்கலாம்மா, அதனால மூஞ்சிய பாக்காதீங்க, புழுக்கைய பாருங்க. புல்லு திங்குது, வழக்கம் போல புழுக்கை போடுதுன்னா சோகம்தான், கொஞ்ச நாள்ல தேறும். அரை நாளா எதுவுமே வாயில வெக்கலைன்னா "நாளைக்கு பாப்போம்"னு இருக்காதீங்க, அதுக்கு குடல் ஓடிக்கிட்டே இருக்கணும், நின்னுச்சுன்னா மறுபடி ஓட வெக்கறது பெரும்பாடு. சமையல்கட்டு டிஜிட்டல் தராசுல தினம் எட போடுங்க. வளந்தது ஒரு கிலோ பக்கம் இருக்கும், அதுல ஒரு வாரத்துல 100 கிராம் எறங்குனா டாக்டர்கிட்ட போயிடுங்க. செத்தது எதனால செத்துச்சுன்னு நீங்க எழுதல, சளி, மூச்சு இரைப்புன்னு ஏதாச்சும் இருந்திருந்தா கூண்ட கழுவி வெயில்ல போட்டு, இருக்கறத 2-3 வாரம் கவனிச்சுட்டு அப்புறமா புதுசு தேடுங்க. இன்னொன்னு, ஒன்னு செத்தா உடனே தூக்கிட்டுப் போய் பொதைக்காம கொஞ்ச நேரம் கூட இருக்கறதுகிட்ட விடுங்க, மோந்து பாத்துட்டு விலகிடும், அப்புறம் தேடி கத்தறது கொறையும்னு என் வீட்ல பாத்திருக்கேன். நோயில செத்ததுன்னா மட்டும் வேணாம்.

என் பிக் டல்லா இருக்கு அர்ஜென்ட் ரிப்ளை ப்ளீஸ் (ஊர் இல்ல)

வயசு இல்ல, ஆணா பொண்ணான்னு இல்ல, என்ன திங்குதுன்னு இல்ல, எத்தன நாளான்னு இல்ல. நான் என்ன கிளி ஜோசியமா பாக்கறேன்? எல்லாத்தையும் எழுதி மறுபடி அனுப்புங்க, அதுக்குள்ள திங்கறத நிறுத்தியிருந்தா எனக்கு எழுத வேணாம், டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடுங்க.

கூட முயல் விடலாமா? முயல் ஈசியா கெடைக்குது. (அரூர்)

வேணாம். ரெண்டு கிலோ முயல் பின்னங்காலால ஒரு ஒத விட்டா இதுக்கு முதுகெலும்பு போயிடும். முயல் மூக்குல இருக்கற ஒரு கிருமி முயல ஒன்னும் பண்ணாது, கினி பிக்குக்கு நிமோனியா வர வெச்சிடும். தீனியும் வேற, முயலுக்கு விட்டமின் சி உடம்புலயே ஊறும், நம்மாளுக்கு நம்மள மாதிரியே வெளிய இருந்து வரணும், தினம் 20 மில்லிகிராம் கணக்கு, கொய்யா ஒரு துண்டோ குடமிளகா ஒரு கீத்தோ. அத விடுங்க, முயல் வாயே தெறக்காது, இது நாள் பூரா பேசுற ஜாதி. ஊமை கூட குடித்தனம் வெச்ச மாதிரி.

கண்ணாடி வெச்சா தன்னையே பாத்துக்கிட்டு இருக்குமா?

ரெண்டு நாள் பாக்கும், வாசம் வரலன்னதும் விட்டுடும்.

எங்க ஆண் கினி பிக் தனியா இருக்கேன்னு சந்தையில ஒரு பொண்ணு வாங்கி ஜோடி சேத்துட்டோம். இப்ப வயிறு பெருசாகியிருக்கு, வீட்ல எல்லாருக்கும் சந்தோஷம். குட்டி போட்டப்புறம் ஆண எப்ப பிரிக்கணும்? (பென்னாகரம்)

இன்னிக்கு. இத படிச்சு முடிச்சதும் எந்திரிச்சுப் போய் பிரிச்சுட்டு வந்து மீதிய படிங்க.

இந்த "ஜோடி"ங்கற வார்த்தைய யார் இதுக்குள்ள கொண்டாந்தாங்கன்னு தெரியல, புறாவும் லவ் பேர்ட்ஸும் வித்த வாயாலயே "ஜோடி ஐநூறு, ஜோடி எட்நூறு"ன்னு இதையும் விக்கறாங்க, நாமளும் ஜோடின்னா ஆணும் பொண்ணும்தான்னு தலையாட்டி வாங்கிட்டு வந்துடறோம். துணை வேற, ஜோடி வேறங்க. கினி பிக்குக்கு வேணும்ங்கறது பக்கத்துல படுக்க, கூட கத்த, கூட திங்க இன்னொரு கினி பிக். அது பொண்ணும் பொண்ணுமா இருக்கலாம், ஆணும் ஆணுமா இருக்கலாம், கருத்தடை ஆபரேஷன் பண்ண ஆணும் பொண்ணுமா இருக்கலாம். ஆபரேஷன் பண்ணாத ஆணையும் பொண்ணையும் ஒன்னா விட்டா அதுக்குப் பேரு துணை இல்ல, பண்ணை.

கணக்கு பாருங்க. செனை ரெண்டு மாசம் சொச்சம், 60ல இருந்து 70 நாள். ஈத்துக்கு மூணு குட்டின்னு வெச்சுக்குவோம். குட்டி போட்ட சில மணி நேரத்துலயே தாய் மறுபடி செனைக்கு தயார், ஆண் பக்கத்துல இருந்தா அன்னிக்கே செனை, அதனாலதான் "போட்டப்புறம்"னு கேக்கறது தப்பான கேள்வி. ஆண் குட்டி மூணு வாரத்துல தாயையே செனையாக்கும், பொண்ணு குட்டி ஒரு மாசத்துல செனை புடிக்கும். ஒரு வருஷத்துல அஞ்சு ஈத்து, பதினஞ்சு குட்டி, அதுகளோட குட்டிய நான் எண்ணவே இல்ல. தாய் அதுக்குள்ள எலும்பும் தோலுமா ஆகியிருக்கும். இன்னொரு ஆபத்து, பொண்ணு ஏழெட்டு மாசம் வரைக்கும் குட்டியே போடாம இருந்து அப்புறம் முதல் செனை ஆச்சுன்னா இடுப்பெலும்பு விரியாது, குட்டி மாட்டிக்கும், சிசேரியன்தான், அதுக்கு நம்ம ஜில்லாவுல அர்த்த ராத்திரி யாரத் தேடுவீங்க? சந்தையில வாங்குனதுக்கு வயசு யாருக்குத் தெரியும்.

எனக்கும் இது நடந்திருக்கு, இல்லாட்டி இவ்ளோ கத்த மாட்டேன். ஆரம்பத்துல ஒரு கடையில "ரெண்டும் பொண்ணு சார், நூத்துக்கு நூறு"ன்னு குடுத்தாங்க, நானும் வாலு இல்லாத ஜந்துல எங்க பாக்கறதுன்னு பாக்காம வாங்கிட்டு வந்தேன். ரெண்டு மாசம் கழிச்சு காலைல புல்லு போடப் போறேன், புல்லுக்குவியல் தானா அசையுது. வெலக்கிப் பாத்தா மூணு குட்டி, கண்ண தெறந்துக்கிட்டு, முடியெல்லாம் மொளச்சு, ஒன்னு அருகம்புல்ல வாயில வெச்சு இழுத்துக்கிட்டு இருக்கு, பொறந்து ராத்திரி கூட முழுசா ஆகல. அழகுதான், ஒத்துக்கறேன். நான் அந்த அழகப் பாத்துக்கிட்டே ஒரு நாள் உக்காந்துட்டேன், அந்த ஒரு நாள்ல அடுத்த ஈத்துக்கு வேல முடிஞ்சிருச்சு.

அதனால நீங்களே பாத்து வாங்குங்க. மடியில துண்டு போட்டு நெஞ்ச தாங்கி உக்கார வெச்சு, போன் டார்ச்ச அடிச்சுப் பாருங்க. பொண்ணுக்கு இங்கிலீஷ் ஒய் எழுத்து மாதிரி பிளவு இருக்கும். ஆணுக்கு ஒரு புள்ளி, கீழ ஒரு கோடு, புள்ளிக்கு மேல அடிவயித்த விரலால லேசா அமுக்குனா குறி வெளிய எட்டிப் பாக்கும். கடைக்காரர் "எதுக்கு சார் சந்தேகம்"னு சொன்னா கட்டாயம் பாருங்க. உங்க பொண்ணுக்கு இப்ப விட்டமின் சி ரெட்டிப்பா குடுங்க, குதிரை மசால் தீவனம் இப்பவும் பால் குடுக்கறப்பவும் மட்டும் சேக்கலாம், சும்மா தூக்கி தூக்கி கொஞ்சாதீங்க. குட்டி போட்ட 21ஆம் நாள் ஆண் குட்டிய எடுத்து அப்பன்கிட்ட விடுங்க.

ரெண்டு ஆண், சேத்து விட்டதும் சண்டை. கைய விட்டு பிரிச்சேன், ரத்தம் வர கடிச்சிருச்சு. (ஓசூர்)

கைய ஏன் தம்பி விட்டீங்க? குப்ப அள்ற மொறம், தடியான டவல், இதுல ஒன்னு கையில இல்லாம யாரும் சேத்து விடாதீங்க. பழசு இருந்த கூண்டுக்குள்ளயே புதுச எறக்கி விட்டிருப்பீங்க, அது அவன் வீடு, அடிக்காம என்ன பண்ணுவான்? ரெண்டு பேருக்கும் சொந்தமில்லாத எடத்துல, ஹால் தரையில பெட்ஷீட் விரிச்சு, நடுவுல பெரிய புல்லுக்குவியல் போட்டு விடுங்க. ஒளிய அட்டைப்பெட்டி வெச்சா ரெண்டு பக்கமும் ஓட்ட இருக்கணும், ஒரு வாசல் பெட்டியில மாட்டிக்கிட்டதுதான் பெரும்பாலும் கடி வாங்கும். அப்புறம் நீங்க ஓரமா உக்காந்து சும்மா இருக்கணும், அதான் கஷ்டமான வேல. கர்ர்ர்னு மோட்டார் மாதிரி சத்தம் போட்டு இடுப்ப ஆட்டி நடக்கறது, ஏறறது, பின்னாடி மோந்துக்கிட்டு தொரத்தறது, இதெல்லாம் யார் பெரிய ஆளுன்னு பேசி முடிக்கறது, நடுவுல பஞ்சாயத்துக்குப் போவாதீங்க. பல்ல கடகடன்னு விடாம அடிச்சு, முடி சிலுத்துக்கிட்டு மூஞ்சிக்கு நேர வாயத் தெறந்தா மொறத்த நடுவுல விடுங்க. ரெண்டும் கட்டிப்பொரண்டு ரத்தம் வந்துச்சுன்னா அந்த ரெண்டுக்கும் ஒத்துவராது, கம்பிக்கு இந்தப் பக்கம் ஒன்னு அந்தப் பக்கம் ஒன்னுன்னு வாழ விடுங்க, அதுவும் துணைதான்.

ஆணுக்கு எடம் தாராளமா வேணும், பத்து சதுர அடிக்கு கொறையாம. தண்ணி பாட்டில் ரெண்டு, தட்டு ரெண்டு. அதே ரூம்ல பொண்ணு வாசமே வரக்கூடாது. மூணு ஆண் வேணவே வேணாம். பெரியவனுக்கு சின்னக் குட்டி ஆண் சேத்தா பெரும்பாலும் ஏத்துக்கும். அப்புறம், புதுச வாங்கி எத்தன நாள் தனியா வெச்சீங்கன்னு எழுதவே இல்ல. மூணு வாரம். வேற ரூம். சொறி, படர்தாமரை, பேன் எல்லாம் அதுக்குள்ள தெரிஞ்சிடும், இல்லன்னா உங்க கைக்கும் சேத்து மருந்து போடணும்.

கூண்டுக்கு எவ்ளோ செலவாகும்?

கடையில கூண்டு வாங்காதீங்க, கம்பித் தரை கால புண்ணாக்கிடும். பிளக்ஸ் கடையில சன்பேக் ஷீட்டு (அட்டை மாதிரி மடிக்கற பிளாஸ்டிக் ஷீட்டு) வாங்கி நாலுக்கு ரெண்டரை அடி மடிச்சு டேப் ஒட்டுங்க, கீழ பழைய டர்க்கி டவல், ஆயிரம் ரூவாய்க்குள்ள முடிஞ்சிடும். ரெண்டு ஆணுன்னா இன்னும் பெருசா மடிங்க.

ஆணுக்கு ஆபரேஷன் பண்ணி பொண்ணு கூட விடலாம்னு சொன்னீங்களே, எங்க பண்றது? (கிருஷ்ணகிரி)

இருக்கற சேர்க்கையிலயே நல்ல சேர்க்கை அதான். ஆனா மாடு, ஆடு பாக்கற டாக்டர் எல்லாரும் இத தொட மாட்டாங்க, அது அவங்க தப்பில்ல. உங்களுக்கு பெங்களூரு பக்கம், அங்க சின்னப் பிராணி மட்டும் பாக்கறவங்க இருக்காங்க, தர்மபுரிக்கு தெக்க இருக்கறவங்க நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில போய் கேளுங்க. எங்க போனாலும் "இதுவரைக்கும் எத்தன கினி பிக் பண்ணியிருக்கீங்க"ன்னு வெக்கப்படாம கேளுங்க. ஆபரேஷனுக்கு முன்னாடி பட்டினி போடச் சொன்னா வேற டாக்டர், இது வாந்தி எடுக்காத ஜந்து, பட்டினி போட்டாத்தான் ஆபத்து. வாய்வழி பென்சிலின், அமாக்சிசிலின் எழுதிக் குடுத்தாலும் வேற டாக்டர், குடல்ல இருக்கற நல்ல கிருமிய கொன்னு ஆளையே கொன்னுடும், எத்தன தடவ எழுதுனாலும் மாசம் ஒருத்தர் வீட்ல மிச்சமிருந்த மாத்திரைய குடுத்துட்டு வந்து அழறாங்க. ஆபரேஷன் ஆனப்புறம் ஆறு வாரம் தனியா. உள்ள விந்து மிச்சம் இருக்கும். ஆறு வாரம்னா ஆறு வாரம்.

பெங்களூர்ல ஒருத்தர் சும்மா தர்றாங்க. பஸ்ல கொண்டு வரலாமா?

மார்ச்ல இருந்து ஜூன் வரைக்கும் பகல்ல கூடாது. 30 டிகிரிக்கு மேல போனாலே இதுக்கு மூச்சு வாங்கும், தொப்பூர் வரைக்கும் கொதிக்கற பஸ்ல என்ன ஆகும்னு யோசிங்க. விடியக்காலைல முதல் பஸ்ஸு, காத்து போற பெட்டி, மடியில, புல்லும் வெள்ளரிக்கா துண்டும். டிக்கியில போட்டுட்டு எனக்கு எழுதாதீங்க. வந்ததும் மூணு வாரம் தனியா.

நாட்டுக்கோழி கூட விடலாமா?

கொத்தும்.

நான் வீட்ல இருந்துதான் வேல பாக்கறேன், நாள் பூரா கூடவே இருக்கேன். நானே துணையா இருந்தா பத்தாதா? (பர்கூர்)

நீங்க தூங்கறப்போ அது முழிச்சிருக்கும்மா. அது கத்தறதுல பாதி உங்களுக்குப் புரியாது, கீரைக் கவர் சத்தம் கேட்டு வீக் வீக்னு கத்தறது மட்டும்தான் நமக்குப் புரியுது. சுவிட்சர்லாந்துல 2008லயே இத ஒத்தையா வளக்கக்கூடாதுன்னு சட்டமே போட்டுட்டாங்க. ஒன்னு சேத்துப் பாருங்க, ராத்திரி ரெண்டும் ஒட்டிப் படுத்துக்கிட்டு பொக்குபொக்குன்னு பேசும், நீங்க இருக்கறதயே மறந்துடும். கொஞ்சம் பொறாமையா இருக்கும், பரவால்ல.

ஒன்னு செத்தா இன்னொன்னு வாங்கணும், அது செத்தா இதுக்கு வாங்கணும்னா இதுக்கு முடிவே இல்லையாண்ணா? எனக்கு 62 வயசு. (பாலக்கோடு)

நியாயமான கேள்விங்கய்யா, கேள்வி கேட்டவங்கள்ல நீங்க ஒருத்தர்தான் முன்னாடி யோசிச்சிருக்கீங்க. இதுக்கு ஆயுசு அஞ்சுல இருந்து எட்டு வருஷம். புதுக் குட்டி வாங்கினா சங்கிலி ஓடிக்கிட்டேதான் இருக்கும். உங்களுதுக்கு ஈடான வயசுல யாராச்சும் குடுத்துடறேன்னு சொல்றது கெடைச்சா அத எடுங்க. அப்படி இல்லன்னா உங்களுத ஏற்கனவே கூட்டமா வளக்கறவங்ககிட்ட குடுத்துடலாம், அது கைவிடறது இல்ல. நான் சொன்னேன்ல அந்த சுவிட்சர்லாந்து, அங்க கடைசி காலத்துத் துணைக்குன்னு பிக்க வாடகைக்கு விடறவங்க கூட இருக்காங்க, காலம் முடிஞ்சதும் திருப்பிக் குடுத்துடலாம். நம்மூர்ல வாடகைக்கு ஆள் இல்ல, ஆனா என்கிட்ட நாலு வயசுல ஆபரேஷன் பண்ண ஆண் ஒன்னு இருக்கு, சண்டைக்காரன் இல்ல. உங்களுது ஆணா பொண்ணான்னு டார்ச் அடிச்சுப் பாத்துட்டு எழுதுங்க, பேசுவோம்.