பதில்: குளச்சல் பள்ளிக்கு வந்த 40 டேப்லெட்

டீச்சர், 40 டேப்லெட்டையும் என் சொந்த ஜிமெயிலைப் போட்டுத் திறந்துவிட்டேன், இப்போது பிள்ளைகள் கேம் ஏற்றுகிறார்கள், பூட்ட முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பூட்டலாம், ஆனால் முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும். செட்டிங்ஸில் போய் உங்கள் கணக்கை நீக்கிவிட்டு, அப்புறம் ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். நீக்காமல் ரெக்கவரி (பட்டன்களை அழுத்திப் பிடித்துத் திறக்கும் பழுதுநீக்கும் திரை) வழியாக அழித்தால் திரும்பவும் உங்கள் பாஸ்வேர்டைக் கேட்டுக்கொண்டு நிற்கும்.

ரீசெட் ஆனதும் வரும் வரவேற்புத் திரையில் ஒரே இடத்தில் 6 தடவை தட்டுங்கள். க்யூஆர் ஸ்கேனர் திறக்கும் (ஆண்ட்ராய்டு 7 முதல் இந்த வசதி உண்டு). உங்கள் எம்டிஎம் (எல்லா டேப்லெட்டையும் ஓரிடத்திலிருந்து நிர்வகிக்கும் மென்பொருள்) தரும் க்யூஆர் குறியீட்டைக் காட்டினால் டேப்லெட் பள்ளியின் கட்டுப்பாட்டுக்கு வந்துவிடும், எந்த ஆப் வேண்டும் வேண்டாம் என்பதை நீங்களே முடிவு செய்யலாம். ஐந்தைந்தாகச் செய்யுங்கள், 40ஐயும் ஒன்றாக இணைத்தால் பள்ளி வைஃபை திணறிவிடும்.

இன்னொன்று, உப்புக்காற்று. நம்ம மாவட்டத்தில் ஆடிச் சாரலும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு, சார்ஜ் போடும் துளை பச்சை பூத்துப் போகும். ஜன்னலோரம் வைக்காதீர்கள், பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். மூடிய பீரோவுக்குள் மட்டும் சார்ஜ் போடவே வேண்டாம். கோடை விடுமுறைக்குப் பாதி சார்ஜில் அணைத்து வையுங்கள்.