வண்டி இழுக்கிறதா, அலைகிறதா?

கேள்வி: இருபது வயதைத் தாண்டிய மோட்டார்ஹோம் (உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வண்டி) ஒன்றை வாங்கினேன். நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. பெரிய லாரி முந்திப் போனால் வண்டி ஒதுங்கி, பிறகு லாரிப் பக்கம் சாய்கிறது. இரண்டு மணி நேரம் ஓட்டினால் தோள் கடுக்கிறது. ஒரு மெக்கானிக் ஸ்டீயரிங் பாக்ஸையே (ஸ்டீயரிங் திருப்பத்தைச் சக்கரத்துக்குக் கடத்தும் பல்பெட்டி) மாற்றச் சொல்கிறார். இன்னொருவர் ஸ்டீயரிங் டேம்பர் (ஸ்டீயரிங் அதிர்வைத் தணிக்கும் உருளை) போட்டால் போதும் என்கிறார். எதை வாங்கட்டும்?

பதில்: இப்போதைக்கு இரண்டையும் வாங்காதீர்கள். வண்டி என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளும் வேலையில் பாதிக்குச் செலவே கிடையாது. அதை முதலில் முடிப்போம்.

எப்போதும் ஒரே பக்கம் போனால் அது இழுப்பு. சாலை ஓரச் சரிவால் கொஞ்சம் ஓரம் போவது இயல்புதான். அதற்கு மேல் இழுத்தால், முன் டயர் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள் (ஒரே திசையில் சுழல வேண்டிய டயர் என்றால் இது கூடாது). இழுப்பும் பக்கம் மாறினால் குற்றவாளி டயர். மாறவில்லையா, ஓட்டி நிறுத்தியதும் எந்தச் சக்கரம் அதிகம் சுடுகிறது என்று பாருங்கள். அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கலாம். பழைய பிரேக் ஹோஸ் வெளியே நன்றாகவே தெரியும்; உள்ளே ஊதி அடைத்துக்கொண்டு, ஆயிலைத் திரும்ப விடாது.

நீங்கள் சொல்வது இழுப்பு இல்லை, இரு பக்கமும் மாறி மாறிப் போகும் அலைச்சல். இதில் நான் முதலில் சந்தேகப்படுவது எடையை. மோட்டார்ஹோமின் உடம்பு பின் ஆக்சிலைத் தாண்டி நீண்டு கிடக்கிறது. அந்த வாலில் ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் பின்னால் அழுத்துவதோடு நிற்காமல், முன்பக்கத்தைத் தூக்கவும் செய்யும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு ஆக்சிலுக்கும் நடுவே 4 மீட்டர். பின் ஆக்சிலுக்கு 1.5 மீட்டர் பின்னால் 200 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, அதாவது 200 கிலோ. தொட்டி நிரம்பியதும் முன் ஆக்சிலில் 75 கிலோ குறையும், பின் ஆக்சிலில் 275 கிலோ ஏறும். அதற்கும் பின்னால் சைக்கிள் ஸ்டாண்டு, ஜெனரேட்டர் என்று அடுக்கினால் முன்சக்கரம் தரையைப் பட்டும் படாமலும் பிடிக்கும்.

ஆகவே பயணம் போகிற கோலத்திலேயே, ஆட்கள், தண்ணீர், எரிபொருள் எல்லாவற்றோடும் எடைமேடைக்குப் போங்கள். முன் ஆக்சில், பின் ஆக்சில் இரண்டையும் தனித்தனியாகப் போட்டு, வண்டியின் தகட்டில் உள்ள வரம்போடு ஒப்பிடுங்கள். கனமான சாமானை முன்னுக்கு நகர்த்துங்கள்.

அந்த எடைச்சீட்டு டயருக்கும் வேண்டும். டயர் கம்பெனியின் அட்டவணையில் எந்த எடைக்கு எவ்வளவு காற்று என்று இருக்கும். பலர் டயர் பக்கவாட்டில் அச்சிட்ட உச்ச அளவையே எப்போதும் அடித்துவிடுகிறார்கள். எடை குறைந்த முன் டயரில் அவ்வளவு காற்று இருந்தால், தரையில் பதியும் பரப்பு சுருங்கி வண்டி துள்ளும். டயர் குளிர்ந்திருக்கும்போதுதான் அளக்க வேண்டும். பின்னால் இரட்டைச் சக்கரம் இருந்தால் உள் டயரை மறக்க வேண்டாம். வயதையும் பாருங்கள்: டயர் பக்கவாட்டில் உள்ள டிஓடி (DOT) குறியீட்டின் கடைசி நான்கு இலக்கம் 2317 என்றால் 2017-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத் தயாரிப்பு. இந்த வண்டிகள் அதிகம் ஓடாமல் நிற்பதால், பட்டன் (டயர் மேல் உள்ள வெட்டுகள்) தேயும் முன்பே ரப்பர் கிழடாகிவிடுகிறது.

இதெல்லாம் சரி, இன்னும் அலைகிறது என்றால் அப்புறம் அடியில் பார்க்கலாம். சக்கரங்கள் தரையில், ஹேண்ட் பிரேக் போட்டு, கட்டை வைத்து, எஞ்சினை ஓடவிடுங்கள். உதவிக்கு ஒருவர் ஸ்டீயரிங்கை இரு பக்கமும் சிறிது சிறிதாக ஆட்ட, மெக்கானிக் ஒவ்வொரு இணைப்பையும் தொட்டுப் பார்க்க வேண்டும். இணைப்பின் ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் தாமதித்தால் ஆட்டம் அங்கே. டை ராட் எண்டா (இரு முன்சக்கரங்களையும் இணைக்கும் கம்பியின் முனை), இழுவைக் கம்பியா (பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பி), எதுவென்று அப்போது கண்ணுக்கே தெரியும். பாக்ஸுக்குள் போகும் ஷாஃப்ட் திரும்பியும் வெளியே வரும் கை அசையவில்லை என்றால்தான் பாக்ஸில் பழுது. சேஸிஸோடு பாக்ஸைப் பிடிக்கும் போல்ட் தளர்ந்திருந்தாலும் இதே தொல்லைதான் வரும். ஒரு ஸ்பேனர் வேலைக்குப் புது பாக்ஸ் வாங்கிவிடாதீர்கள். பாக்ஸின் மேல் ஸ்குருவை "கொஞ்சம் டைட் பண்ணித் தருகிறேன்" என்று சொல்பவரிடமும் ஜாக்கிரதை. அளவு மீறினால் உள்ளே பல் தேயும், ஸ்டீயரிங் தானாக நேருக்கு வராது.

ஆட்டம் மட்டுமல்ல, இறுக்கமும் அலைய வைக்கும். திருப்பம் முடிந்தும் ஸ்டீயரிங் திரும்பி வரவில்லை என்றால், கிங் பின் (முன்சக்கரம் திரும்பும் அச்சாணி) உள்ள வண்டியில் கிரீஸ் வறண்டு போயிருக்கலாம். காஸ்டர் கோணம் (சக்கரம் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வு) குறைந்திருந்தாலும் இப்படி ஆகும். வீல் அலைன்மென்ட்டை வழக்கமான சுமையோடு செய்யச் சொல்லி, சரிசெய்யும் முன்பும் பின்பும் எடுத்த அளவு அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்குங்கள். டோ (சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) மட்டும் பார்த்து அனுப்பும் இடம் வேண்டாம்.

லாரி முந்தும்போது தள்ளுவது காற்று. உயரமான வண்டிக்கு அது முழுதாகப் போகாது. ஆன்டி-ரோல் பார் (வண்டி பக்கவாட்டில் சாய்வதைக் குறைக்கும் கம்பி) புஷ் தேய்ந்திருந்தால் மட்டும் அதிகமாகத் தெரியும், மாற்றலாம்.

டேம்பர் அதிர்வைத்தான் தணிக்கும். தேய்ந்த இணைப்பு தேய்ந்தபடியே இருக்க, உங்கள் கைக்கு மட்டும் அது தெரியாமல் போகும். எல்லாம் சரிசெய்த பிறகு வேண்டுமானால் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி (இன்னொருவர்): நான் இன்னும் வண்டி வாங்கவில்லை. ஓட்டிப் பார்க்கும்போது இதை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: விற்பவர் வண்டியைக் காலியாகத்தான் காட்டுவார், தண்ணீரை நிரப்பச் சொல்லுங்கள். நெடுஞ்சாலை வேகத்தில் ஓட்டாமல் முடிவு எடுக்காதீர்கள். அப்புறம் குனிந்து அடியில் ஒரு பார்வை. எல்லாம் துருவும் மண்ணுமாக இருக்க டேம்பர் மட்டும் பளபளவென்று இருந்தால், அதை எதற்காகப் போட்டார் என்று கேளுங்கள்.