பேச்சாளரைத் தேடுவதற்கு முன் ஒரு பெஞ்சைத் தேடுங்கள்

கேள்வி: எங்கள் குடியிருப்பில் ஒரு பொது அறை சும்மா கிடக்கிறது. பத்துப் பேர் நேரம் ஒதுக்கத் தயார். இளைஞர்கள், பெரியவர்கள் இரு தரப்பின் மனநலத்துக்கும் ஏதாவது செய்ய ஆசை. மாதம் ஒரு மருத்துவரை அழைத்துப் பேச வைப்பது, பிள்ளைகளுக்குத் தியான வகுப்பு நடத்துவது என்று யோசனை. எங்களில் யாரும் இதைப் படித்தவர்கள் இல்லை. எதில் தொடங்குவது?

பதில்: சொற்பொழிவால் கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் அதற்கு வந்து உட்காருபவர்கள் பெரும்பாலும் ஓரளவு நன்றாக இருப்பவர்கள். நீங்கள் யாரை நினைத்து இதைத் தொடங்குகிறீர்களோ, அவர் வீட்டுக் கதவைத் திறக்கவே தயங்குபவர். தியான வகுப்பிலும் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். பிரிட்டனில் 80க்கும் மேற்பட்ட பள்ளிகளில், 8,000க்கும் மேற்பட்ட மாணவர்களை வைத்து நடந்த 'மிரியட்' ஆய்வின் முடிவு 2022இல் வெளியானது. வகுப்பு முழுவதற்கும் கொடுத்த மனக்கவனப் பயிற்சி (மூச்சிலும் இந்தக் கணத்திலும் கவனம் வைக்கும் தியானம்), ஏற்கெனவே நடந்துவந்த வழக்கமான பாடங்களைவிடக் கூடுதலாக எதையும் சாதிக்கவில்லை. பல பிள்ளைகள் வீட்டில் அதைச் செய்து பார்க்கவே இல்லை.

சரி, எதுதான் பலன் தரும்? எனக்குப் பிடித்த உதாரணம் ஜிம்பாப்வே. அங்கே டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006இல் 14 பாட்டிகளுடன் ஒரு வேலையைத் தொடங்கினார். சுகாதார நிலையத்துக்கு வெளியே மரப்பெஞ்சு ஒன்று, அதில் பயிற்சி பெற்ற ஒரு பாட்டி, அவ்வளவுதான். வருபவர் மனதில் உள்ளதைக் கொட்டுவார். பாட்டி முழுவதும் கேட்டுவிட்டு, "இதில் எதை முதலில் எடுத்துக்கொள்ளலாம்?" என்பார். ஒரே ஒரு பிரச்சினை, அதற்கு இந்த வாரம் செய்யக்கூடிய ஒரு காரியம். அடுத்த முறை வரும்போது அது என்ன ஆயிற்று என்று பேச்சு தொடரும். 573 பேரை வைத்து நடந்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. ஆறு மாதத்துக்குப் பிறகு, பெஞ்சுக்கு வந்தவர்களில் சுமார் 14 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு அறிகுறிகள் இருந்தன. சற்று மேம்படுத்திய வழக்கமான கவனிப்பைப் பெற்றவர்களில் அது ஏறக்குறைய 50 சதவீதம்.

இதில் உங்களுக்கு உதவும் ஒரு சின்ன விஷயம் உண்டு. முதலில் அதற்கு 'மனநல பெஞ்சு' என்று பெயர் வைத்திருந்தார்கள், யாரும் உட்காரவில்லை. 'நட்பு பெஞ்சு' என்று மாற்றிய பிறகுதான் ஆட்கள் வந்தார்கள். பாட்டிகளும் நோயின் பெயரைச் சொல்வதில்லை. 'அளவுக்கு மீறி யோசிப்பது' என்ற பொருளில் அந்த ஊர் மக்கள் பேசும் ஷோனா மொழியில் புழங்கும் சொல்லையே பயன்படுத்தினார்கள். அதனால் உங்கள் அறை வாசலில் 'மனநல மையம்' என்று பலகை மாட்டாதீர்கள்.

வாரம் ஒரு நாள், மாறாத நேரம், கையில் ஒரு வேலை: இப்படித் தொடங்குங்கள். பழுதான மின்விசிறியைச் சரிசெய்வது, செடி வளர்ப்பது, கேரம் ஆடுவது, எதுவானாலும் சரி. நேருக்கு நேர் உட்கார்ந்து "மனசுல என்ன கஷ்டம்?" என்று கேட்டால் பலருக்கு, குறிப்பாக ஆண்களுக்கு, வாய் வராது. பக்கத்தில் நின்று ஸ்க்ரூ முறுக்கும்போது வரும். ஆஸ்திரேலியாவில் தொடங்கிப் பல நாடுகளுக்குப் பரவிய ஆண்களுக்கான பட்டறைக் குழுக்கள் இந்தச் சூட்சுமத்தில்தான் ஓடுகின்றன. இளைஞர்களுக்குத் தனி நாள் வையுங்கள், அன்று என்ன செய்வது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். அப்பாவின் நண்பர் உட்கார்ந்திருக்கும் அறையில் எந்தப் பையனும் மனம்விட்டுப் பேசமாட்டான்.

உங்கள் பத்துப் பேரில் காது கொடுத்துக் கேட்கத் தெரிந்த மூன்று பேர் இருந்தால் போதும். (அறிவுரை சொல்லத் துடிப்பவர்களுக்கு நாற்காலி போடும் பொறுப்பைக் கொடுங்கள்.) அந்த மூவருக்கும் மனநல முதலுதவிப் பயிற்சி (மனம் உடைந்தவரை அடையாளம் கண்டு, பேச்சுக் கொடுத்து, சரியான உதவிக்கு அனுப்பக் கற்றுத்தருவது) கிடைக்க ஏற்பாடு செய்யுங்கள். நீங்கள் அழைக்க நினைத்த மருத்துவரை இதற்குப் பயன்படுத்தலாம். மேடைப் பேச்சுக்குப் பதில், மாதம் ஒரு மணி நேரம் இந்த மூவருடன் உட்காரச் சொல்லுங்கள். மற்றவர்களின் துயரத்தைக் கேட்டுக்கொண்டே இருப்பவருக்கும் இறக்கி வைக்க ஓர் இடம் வேண்டும்.

எல்லை எது என்பதைத் தொடங்கும் முன்பே எழுதி வைத்துவிடுங்கள். நாள்கணக்கில் தூக்கமோ சாப்பாடோ இல்லாதவர், மற்றவர்களுக்குக் கேட்காத குரல்கள் கேட்பதாகச் சொல்பவர், சாவைப் பற்றிப் பேசுபவர் ஆகியோர் உங்கள் அறையோடு நிற்கக் கூடாது. மருத்துவரிடம் போக வேண்டும். எந்த மருத்துவமனை, எந்த உதவி எண், இரவு நேரமானால் யார் கூடப் போவது என்பதெல்லாம் முதல் நாளே தயாராக இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால், "உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமாம் என்றால் அவரைத் தனியே விடாதீர்கள்.

அப்புறம், "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று யாருக்கும் முழு வாக்குக் கொடுக்க வேண்டாம். "உயிருக்கு ஆபத்து இல்லாதவரை வெளியே போகாது" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பதினெட்டு வயதுக்குள் இருப்பவர்களுடன் பேசும்போது கதவு திறந்திருக்கட்டும், பார்வை படும் தூரத்தில் இன்னொரு பெரியவர் இருக்கட்டும்.

முதல் சில வாரங்கள் இரண்டு பேர்கூட வராமல் போகலாம். அதற்காக ஒரு வாரமும் பூட்டிவிடாதீர்கள். பல நாள் தயங்கியவர் அன்றைக்குத்தான் கிளம்பி வந்திருப்பார். அறைச் சாவி எப்போதும் இரண்டு பேரிடம் இருக்கட்டும்.