லைன் வீட்டுச் சுவருக்கு அப்பால்

கோத்தகிரி தேயிலை எஸ்டேட் லைனில் (தொழிலாளர் வீட்டு வரிசையில்) பக்கத்து வீட்டுப் பெண் இரவில் அடிபடுவது கேட்கிறது. புகார் சொன்னால் உங்கள்மேல் வழக்கு வருமா, அவருக்கு வீடு போய்விடுமா என்று கேட்டிருந்தீர்கள்.

வழக்கு வராது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம், நல்லெண்ணத்தோடு தகவல் தருபவரைக் காக்கிறது (4ஆவது பிரிவு). வீடு கணவர் பெயரில் இருந்தாலும் அங்கே வசிக்கும் உரிமை மனைவிக்கு உண்டு (17ஆவது பிரிவு).

ஆனால் முதலில் அவரிடமே பேசுங்கள், கொழுந்து பறிக்கப் போகும் வழியில். அவருக்குத் தெரியாமல் புகார் போனால் அன்றிரவே அடி கூடலாம். 181 என்ற இலவசப் பெண்கள் உதவி எண்ணைச் சொல்லி வையுங்கள். உயிருக்கு ஆபத்தென்றால் யோசிக்காமல் அவசர உதவி எண் 112.

அப்பா குரல் கேட்டதும் அந்த வீட்டுப் பையன் கட்டிலுக்கடியில் ஒளிகிறான் என்றீர்களே! நானும் லைனில் வளர்ந்தவன். பக்கத்து வீட்டில் அலறல் எழும்போது, ‘குடும்ப விஷயம்’ என்று நாங்கள் ரேடியோவைச் சத்தமாக வைத்தோம்.