தக்கிளி (கையால் சுழற்றி நூல் நூற்கும் சிறு கருவி) செய்ய எந்த மரம் நல்லது? மட்டக்களப்புப் பக்கம் செய்விக்க முடியுமா?

செய்விக்கலாம். ஆனால் முதிரை மரத்தில் வேண்டாம், அது பாரம். அந்தப் பிழையை விட்டவன் என்பதால்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் மருதமுனை. நெசவுக்குப் பேர்போன ஊர் என்பதால், "உங்கள் வீட்டு ராட்டையிலேயே நூற்கலாமே" என்று பலர் கேட்பார்கள். நெசவு வீட்டு ராட்டை நூல் நூற்காது. மில் நூல் கட்டாக வரும். அந்த நூலைத் தாரில் (சிறு குழலில்) சுற்றி, தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைப்பதற்குத்தான் ராட்டை. பழைய சைக்கிள் றிம்மிலேயே ராட்டை செய்தவர்களும் உண்டு. பஞ்சிலிருந்து நூல் இழுக்கும் ஆளை நான் ஊரில் கண்டதில்லை. வாப்பாவும் கண்டதில்லையாம்.

அதனால் நானே படம் வரைந்து, தெரிந்த ஓடாவி (தச்சர்) ஒருவரிடம் கொடுத்தேன். "முதிரையில் போட்டால் பேரப்பிள்ளை காலத்துக்கும் கிடக்கும் தம்பி" என்றார். வழுவழுவென்று அழகாகத்தான் கடைந்து தந்தார். நிறுத்துப் பார்த்தால் 60 கிராம்! பருத்தி இழையின் நீளம் இரண்டு, மூன்று சென்ரிமீற்றர்தான். நன்றாக முறுக்கு ஏறினால்தான் இழைகள் ஒன்றையொன்று பிடிக்கும். அதற்குள் இந்தப் பாரம் தொங்கினால் எப்படித் தாங்கும்? ஒரு முழம்கூட வரவில்லை. அறுந்து அறுந்து என் கால் விரலில்தான் விழுந்தது.

இரண்டாவதை நானே செய்தேன். கமுகஞ்சலாகையை (பாக்கு மரக் கீற்றை) பென்சிலை விட மெல்லியதாகச் சீவி, ஒரு சாண் தண்டு. தண்டில் கோக்கும் வட்டமான பாரத் துண்டுதான் வட்டு. அதற்குச் சிரட்டை: நாலு சென்ரிமீற்றர் அகலத்தில் இரண்டு துண்டு வெட்டி, மட்டமாகத் தேய்த்து ஒட்டினேன். எல்லாம் சேர்த்து 15 கிராம் வந்தது. வட்டு சின்னதாக இருந்தால் வேகமாகச் சுழலும். பருத்திக்கு அந்த வேகம்தான் வேண்டும். மேல் நுனியில் செப்புக் கம்பியில் சின்னக் கொக்கி. கீழ் நுனியைக் கூராக்கி ஒரு பீங்கான் கோப்பைக்குள் நிறுத்திச் சுழற்றினால் பாரம் நூலில் விழாது.

மரத்தைவிட நடுத்துளைதான் முக்கியம். அது கொஞ்சம் தள்ளிப்போனாலும் தக்கிளி ஆடும். தண்டை இரண்டு கத்தி விளிம்புகளில் படுக்க வைத்துப் பாருங்கள். பாரமான பக்கம் தானாகக் கீழே வரும். அந்தப் பக்கத்தை அரத்தாளால் தேயுங்கள். எனக்கு ஒரு பின்னேரம் முழுக்க இதற்கே போனது.

அப்புறம் பஞ்சு. தலையணைக்கு அடைக்கும் இலவம்பஞ்சில் முயற்சிக்க வேண்டாம். அது வழுக்கும், முறுக்குப் பிடிக்காது. பருத்திச் செடிப் பஞ்சுதான் வேண்டும். கொட்டை நீக்கி, நன்றாகப் பன்னி, விரல் தடிப்பில் திரியாக உருட்டிக்கொள்ளுங்கள்.

முதிரைத் தக்கிளி சும்மாதான் கிடக்கிறது. ஆட்டுக் கம்பளி இழை நீளமானது, அந்தப் பாரத்தைத் தாங்கும். கம்பளி நூற்பவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள், தந்துவிடுகிறேன்.