மைக்கில் பேசும்போதே என் குரல் கம்ப்யூட்டர் ஸ்பீக்கரில் கேட்க வேண்டும், ரெக்கார்டிங்கும் ஓட வேண்டும். எப்படி?

உங்களிடம் இருப்பது விண்டோஸ் என்று எடுத்துக்கொள்கிறேன். பழைய சவுண்ட் கன்ட்ரோல் பேனலைத் திறந்து, ரெக்கார்டிங் பகுதியில் உங்கள் மைக்கை இரண்டு முறை கிளிக் செய்யுங்கள். திறக்கும் பெட்டியில் 'லிசன்' என்று ஒரு பகுதி இருக்கும். அதில் 'லிசன் டு திஸ் டிவைஸ்' என்பதை டிக் செய்து, எதில் கேட்க வேண்டும் என்பதைக் கீழே தேர்ந்தெடுத்து அப்ளை கொடுத்தால் குரல் வந்துவிடும். கேட்டதற்குப் பதில் இவ்வளவுதான்.

ஆனால் ரெக்கார்டிங் ஓடும்போது இதைச் செய்யாதீர்கள். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், ஏனென்றால் இந்த ஒரு டிக்கால் எனக்கு வாசிக்கவே தெரியாது என்று பெயர் வந்தது.

பார்வையற்றவர்களுக்காகப் புத்தகங்களை வாசித்து ஒலிப்பதிவு செய்து தரும் ஒரு குழுவில் இருந்தேன். மைக், ஹெட்ஃபோன், லேப்டாப் எல்லாம் அவர்களுடையது. எல்லாவற்றையும் முன்கூட்டியே செட் செய்து வைத்திருந்தார்கள். ஹெட்ஃபோனை மாட்டி வாசிக்கத் தொடங்கினால் நான் சொன்ன சொல் சற்றுப் பின்தங்கி என் காதுக்கே வருகிறது. இரண்டாவது வரியிலேயே நாக்கு இழுத்தது. நெடில்கள் இன்னும் நீண்டன, சொன்ன எழுத்தையே திரும்பச் சொன்னேன், என்னை அறியாமல் குரலும் உயர்ந்தது. பொறுப்பாளர் பதிவைக் கேட்டுவிட்டு, எல்லார் முன்னாலும், "சரளம் இல்லை, வீட்டில் பழகிவிட்டு வாருங்கள்" என்றார். சிறு வயதிலிருந்தே சத்தமாக வாசித்துப் பழகியவருக்கு அது எப்படி இருக்கும்?

அன்றைக்கே அந்த லேப்டாப்பைக் குடைந்தேன். அந்த டிக் போடப்பட்டிருந்தது. அதை எடுத்துவிட்டு, ஹெட்ஃபோனை லேப்டாப்பிலிருந்து பிடுங்கி, யூஎஸ்பி மைக்கிலேயே இருந்த துளையில் செருகினேன். அதே பக்கத்தை ஒரு தடங்கலும் இல்லாமல் வாசித்து முடித்தேன்.

நடப்பது இதுதான். மைக்கில் விழும் ஒலியைக் கம்ப்யூட்டர் சிறு சிறு துண்டுகளாகச் சேர்த்து வைத்துத்தான் அனுப்பும். அதைத்தான் பஃபர் என்கிறார்கள். நொடிக்கு 48,000 மாதிரிகள் (ஒலியை அளந்து எடுக்கும் புள்ளிகள்) எடுக்கும்போது 256 மாதிரி பஃபர் என்றால், ஒலி உள்ளே வர ஒரு முறை, வெளியே போக ஒரு முறை என ஒவ்வொன்றுக்கும் சுமார் 5 மில்லிசெகண்ட். அந்த அளவு தாமதம் பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. 'லிசன்' வழியாகப் போகும்போது தாமதம் அதைவிட மிக அதிகம். புளூடூத் ஹெட்ஃபோன் என்றால் அதற்கு மேலும் 100, 200 மில்லிசெகண்ட் கூடலாம். தன் குரலையே கிட்டத்தட்ட 200 மில்லிசெகண்ட் தள்ளிக் கேட்பவருக்குப் பேச்சு குழறும் என்று ஆய்வாளர் பெர்னார்ட் லீ 1950-லேயே எழுதிவிட்டார். இதற்கும் பயிற்சிக் குறைவுக்கும் சம்பந்தமே இல்லை.

ஸ்பீக்கர் என்றால் இன்னொரு தொல்லையும் உண்டு. அதில் வரும் குரல் மறுபடி மைக்கில் விழும், மறுபடி ஸ்பீக்கருக்குப் போகும், கடைசியில் காது கிழிய ஊளையிடும். "நான் வருஷக்கணக்காக ஸ்பீக்கரில் கேட்டுத்தான் பதிவு செய்கிறேன், எதுவும் ஆகவில்லை" என்று கீழே யாராவது எழுதுவார்கள். சத்தம் குறைவாகவும் ஸ்பீக்கர் மைக்கின் முதுகுப் பக்கமாகவும் இருந்தால் ஊளையிலிருந்து தப்பலாம், மறுக்கவில்லை. ஆனாலும் அந்த இரண்டாவது குரல் பதிவுக்குள் போயே தீரும். அதைப் பிறகு எந்த மென்பொருளாலும் சுத்தமாகப் பிரித்தெடுக்க முடியாது.

அதனால் காதை நன்றாக மூடும் வயர் ஹெட்ஃபோன் போடுங்கள். மைக்கிலோ ஆடியோ இன்டர்ஃபேஸிலோ (மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி) ஹெட்ஃபோன் துளை இருந்தால் அதில் செருகுங்கள். 'டைரக்ட் மானிட்டர்' என்று பட்டனோ திருகோ இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள். அப்போது குரல் கம்ப்யூட்டருக்குள் போய்ச் சுற்றி வராமல் நேராகக் காதுக்கு வரும். அந்த வசதி இல்லாத மைக் என்றால் மானிட்டரிங்கையே, அதாவது பேசும்போதே தன் குரலைக் கேட்பதையே, அணைத்துவிட்டு, திரையில் ஓடும் ஒலி அளவை மட்டும் பார்த்து வாசிப்பது எவ்வளவோ மேல்.

சம்பந்தமில்லாத ஒன்று, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அந்தக் குழுவின் பதிவுகளில் நூலின் பெயர் வரும், எழுதியவர் பெயர் வரும், குழுவின் பெயர் முதலிலும் முடிவிலும் வரும். வாசித்தவர் பெயர் மட்டும் வராது. கேட்டால், சேவைக்குப் பெயர் எதற்கு என்பார்கள். மணிக்கணக்காக ஒரு குரலோடு இருப்பவருக்கு அது யார் குரல் என்று தெரிய வேண்டாமா? இதை எழுத்திலேயே கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஏற்கெனவே அந்த டிக்கைப் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். ரெக்கார்டிங் மென்பொருளான ஆடாசிட்டியின் பழைய பதிப்பு என்றால் அதில் 'சாஃப்ட்வேர் பிளேத்ரூ' (இதுவும் மைக்கில் விழும் குரலை உங்களுக்கே திருப்பி அனுப்பும் வசதிதான்) அணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் ஓடினால் உங்கள் குரல் இரண்டு முறை திரும்பி வரும்.